பொழுதோட வந்த ஒறம்பரை

திருச்செங்கோட்டில் யாரும் போவதில்லை, எல்லாரும் வருகிறார்கள். பஸ் ஏறப் போகிறவர் "வாரேனுங்க" என்கிறார். கடையில் பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்புகிறவர் "வாரேன் சாமி" என்கிறார். எங்கள் கெங்கவல்லிப் பக்கமும் போகிறேன் என்று சொல்ல மாட்டோம்தான். ஆனால் இவ்வளவு தேன் தடவி நாங்கள் சொல்வதில்லை.

பிரீத்திக்கு அந்தச் சொல் ரொம்பப் பிடித்துப் போயிற்று. அவள் சென்னை அம்பத்தூரில் அடுக்குமாடி வீட்டில் வளர்ந்தவள். எதிர்வீட்டுக்காரரின் பெயர்கூட அவளுக்குத் தெரியாதாம். இங்கே வந்த ஒரே மாதத்தில் வாயைத் திறந்தால் 'ங்க' இல்லாமல் மூட மாட்டாள் என்று ஆகிவிட்டது. தெருநாயைக்கூட "அக்கட்டப் போங்க" என்று விரட்டுவாள். "நீ கொங்கு நாட்டுக்குத் தத்துப் போயிட்டடி" என்று நான் கிண்டல் செய்வேன்.

நாங்கள் மூன்று பேர். படிப்பு முடித்த கையோடு, தெரியாத ஊரில் ஓராண்டு தொண்டு செய்ய வந்தவர்கள். எங்களை அனுப்பிய அமைப்பு திருச்செங்கோட்டுக்கு ஒதுக்கிய வேலை, தனியாக இருப்பவர்களைப் போய்ப் பார்த்து வருவது. இந்த ஊரின் ரிக்கு வண்டிகள் போர்வெல் போடுவதற்காக வடக்கே எங்கெங்கோ போகின்றன. அவற்றோடு மகன்களும் போய்விடுகிறார்கள். ஊரில் மிச்சம் இருப்பவர்களுக்கு மாத்திரை வாங்கித் தருவோம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவோம், கொஞ்ச நேரம் உட்கார்ந்து பேசுவோம். குழுத் தலைவர் பிரபாகர், ராசிபுரத்து ஜவுளிக்காரர் வீட்டுப் பிள்ளை. பக்கத்துத் தெருவில் அறை எடுத்திருந்தான், சாப்பாட்டுக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வருவான். பிரீத்தியும் நானும் தங்கியிருந்தது ஒரு மாடி வீடு. கீழே லாரி உதிரிபாக குடோன். பொழுது சாயும்போது அதன் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். அப்புறம் அந்தக் கட்டடத்தில் எங்களைத் தவிர யாரும் இருக்க மாட்டார்கள்.

பயிற்சியில் எங்களுக்குச் சொல்லித் தந்த முதல் விதி: ஒரு வீட்டிலிருந்து கிளம்பும்போது மறுபடி வருவோம் என்று சொல்லாமல் கிளம்பக் கூடாது. சொன்னால் வந்தாக வேண்டும். இந்த ஊருக்கு அதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதே இல்லை.

பூவாத்தாக்கா எங்களுக்கு அறிமுகமானது அப்படி வீடு வீடாகப் போனபோதுதான். ஐம்பது தாண்டியிருக்காது. கணவர் இல்லை. மகன் கதிர்வேல் சத்தீஸ்கரில் ரிக்கு வண்டியில் இருந்தான். அக்காவுக்கு முட்டி வலி. தைல வாசனை அவருக்கு முன்னால் வாசலுக்கு வந்துவிடும். வார் அறுந்த ரப்பர் செருப்புக்கு ஊக்குப் போட்டு வைத்திருந்தார். நடந்தால் அந்த ஊக்கு தரையில் 'டிக்' என்று தட்டும். மகன் போன் பண்ணினால் ஸ்பீக்கரில் போட்டு எங்களுக்கும் கேட்க வைப்பார். அவனும் தவறாமல் "வாரேம்மா, வர்ற மாசம் வாரேன்" என்பான். வந்ததில்லை.

பிரீத்தி மேல் அக்காவுக்குத் தனிப் பாசம். ஒரு நாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார்: "நீங்கதான் வாரீங்க, போறீங்க. பூவாத்தா, எங்க ஊட்டுக்கு நீயும் ஒரு எட்டு வான்னு ஒருத்தர் வாயில வருதா பாரு சாமி. புருசன் போனதுல இருந்து ஒரு நல்லது கெட்டதுக்கும் என்னைய யாரும் கூப்புடறதில்ல."

"எங்க வீடு பக்கத்துலதானுங்களேக்கா. சும்மா வர வேண்டியதுதானே" என்றேன் நான்.

"அதெப்படிங்க? கூப்புடாத ஊட்டுக்கு நான் போகமாட்டனுங்க." முகம் சட்டென்று இறுகிவிட்டது. அக்காவுக்கு அந்த ரோஷம் உண்டு.

பிரீத்தி சிரித்துக்கொண்டே, "ஞாயித்துக்கிழமை முறையா வந்து கூப்புடறேனுங்க்கா. ஒறம்பரையா வந்து சாப்புட்டுப் போகோணும்" என்றாள். இங்கே விருந்தாளியை ஒறம்பரை என்பார்கள். அக்கா அந்தச் சொல்லுக்கே பாதி வயிறு நிறைந்தவர்போல் சிரித்தார்.

ஞாயிறு வருவதற்குள் அவர் இறந்துபோனார். மாரடைப்பு. குளியலறையில் விழுந்தவரை அன்று மாலை நாங்கள்தான் போய்ப் பார்த்தோம்.

கதிர்வேல் வந்து சேரும்வரை உடலை ஐஸ் பெட்டியில் வைத்திருந்தார்கள். அவன் வந்தபிறகு நாங்களும் மாலையோடு போனோம். பிரீத்தி எழவு வீட்டுக்குப் போவது அதுதான் முதல் தடவை. நான் அவளுக்குச் சொல்லிவைத்திருக்க வேண்டும். ஆனால் இதையெல்லாம் சொல்லித்தர வேண்டும் என்று யாருக்குத்தான் தோன்றும்? எழவு வீட்டில் வாங்க என்று யாரும் வரவேற்க மாட்டார்கள். கிளம்பும்போது நாமும் சொல்லிக்கொள்ளக் கூடாது. சத்தமில்லாமல் எழுந்து நடையைக் கட்ட வேண்டும். அங்கே போய் 'வாரேன்' என்றால் அந்த வீட்டில் இன்னொரு சாவுக்கு வருகிறேன் என்று அர்த்தம். எனக்கு இது எப்போதிலிருந்து தெரியும் என்றே தெரியாது, அப்படித் தெரியும்.

நான் எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன். பிரீத்தி வரவில்லை. திரும்பிப் பார்த்தால் ஐஸ் பெட்டியின் கண்ணாடிமேல் கை வைத்துக் குனிந்து நிற்கிறாள். அழுது அழுது குரல் கம்மியிருந்தாலும் எல்லாருக்கும் கேட்டது.

"வாரேனுங்க்கா. கூப்புடறேன்னு சொல்லிட்டு நான் கூப்புடவே இல்லையே. நம்ம ஊட்டுக்கு வாங்க்கா. அவசியம் வாங்க."

ஒப்பாரி நின்றது. வெளியே கொட்டு அடித்துக்கொண்டிருந்தவர்கள் எதற்கு என்று தெரியாமலே நிறுத்தினார்கள். ஒரு பெண் தன் வாயிலேயே அடித்துக்கொண்டு, "அய்யோ, யாரு பெத்த புள்ள இது!" என்றாள். நான் உள்ளே ஓடி அவளை இழுத்துக்கொண்டு வந்தேன். தெருமுனை வரைக்கும் திட்டினேன். "என்னடி தப்பு? அன்பாத்தானே சொன்னேன்" என்று அவள் அழுதாள். அது உண்மைதான். அன்பாகத்தான் சொன்னாள்.

மறுநாள் சாயங்காலம் நான் துணி மடித்துக்கொண்டிருந்தேன். பிரீத்தி அடுப்படியில் இருந்தாள். குடோன் ஷட்டர் இறங்கிய சத்தம் அடங்கிக் கொஞ்ச நேரம் ஆகியிருக்கும். மாடிப்படியில் டிக் என்று ஒன்று தட்டியது. நிறுத்தி, மறுபடி ஒரு டிக்.

"சாமீ... ஊட்டுல இருக்கறீங்களா?"

"வாங்க்கா, வாங்க" என்றாள் பிரீத்தி அடுப்படியிலிருந்து. பழக்கம். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கரண்டி கீழே விழுந்தது.

நான் எழுந்துபோய் எட்டிப் பார்த்தேன். படியில் யாரும் இல்லை. ஆனால் தைல வாசனை என்னைத் தாண்டிக்கொண்டு உள்ளே போனது. எங்கள் பிளாஸ்டிக் நாற்காலிக்குக் கால் கொஞ்சம் வளைந்துபோயிருக்கும், யாராவது உட்கார்ந்தாலோ எழுந்தாலோ மட்டும் முனகும். அது முனகியது.

"இந்தப் படிய ஏறறதுக்குள்ள முட்டி போச்சு சாமி" என்றது குரல். அதே குரல், அதே அலுப்பு. பயமுறுத்தும்படி அதில் ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

பிரீத்தி ஒரு டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிக்கு முன்னால் வைத்தாள். வீட்டுக்கு வந்தவருக்குத் தண்ணீர் கொடுக்காமல் இருக்கக் கூடாது என்று அவளுக்கு இந்த ஊர் சொல்லிக்கொடுத்திருந்தது. பிறகு நாற்காலி முனகியது.

"செரி, வாரேன் சாமி."

ஊக்குச் சத்தம் படியிறங்கிப் போயிற்று. டம்ளரில் தண்ணீர் பாதிதான் இருந்தது.

வாரேன் என்று சொன்னவர் வராமல் இருப்பாரா? மறுநாளும் வந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். பிரபாகரிடம் சொன்னோம். "காத்துல கதவு ஆடியிருக்கும்" என்று அறிவாளிபோல் சொல்லிவிட்டு ஒரு சாயங்காலம் எங்களோடு உட்கார்ந்தான். நாற்காலி முனகியதும் எழுந்தவன்தான். அன்றிலிருந்து பொழுது சாய்ந்தால் அவனுக்குச் சேலத்திலிருந்து போனில் மீட்டிங் வந்துவிடும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், எங்கள் இரண்டு பேரையும் ராசிபுரத்தில் தன் வீட்டில் தங்க வைத்தான். அன்று சாயங்காலம் அவன் அம்மா கொடுத்த காபியைக் குடித்துக்கொண்டிருந்தோம். கேட்டுக்கு வெளியே டிக் என்றது. "சாமீ" என்று கூப்பிட்டது. பிரபாகரின் அம்மா யாரோ என்று எழுந்து போனார். அவர் வாயைத் திறப்பதற்குள் பிரீத்தி முந்திக்கொண்டு, "வாங்க்கா" என்றாள். கூப்பிட்டவள் இருக்கும் இடம்தான் ஒறம்பரைக்கு வீடு என்று எனக்கு அப்போது புரிந்தது. இரவே திருச்செங்கோட்டுக்குத் திரும்பிவிட்டோம்.

அதன்பின் பிரீத்தி மாறிக்கொண்டே போனாள். மதியத்திலேயே தலை சீவிப் பூ வைத்துக்கொள்வாள். டம்ளரைத் துலக்கித் துலக்கி வைப்பாள். மற்ற வீடுகளுக்குப் போவதை நிறுத்திவிட்டாள். அவளுக்குப் பதிலாக நான் நாமக்கல்வரை ஒரு பெரியவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் வந்தேன், அவருக்கு என்ன ஆயிற்று என்றுகூட அவள் கேட்கவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. ஒரு நாள் பஸ்ஸில் அவள் கை என் கைமேல் பட்டது. சித்திரை வெயிலில், ஜன்னல் கம்பி சுடுகிற நேரத்தில், அந்தக் கை ஜில்லென்று இருந்தது. எனக்கு அந்த ஐஸ் பெட்டிக் கண்ணாடி ஞாபகம் வந்தது.

அன்று சாயங்காலம்தான் அக்கா அதைக் கேட்டார்.

"நானேதான் வந்துட்டிருக்கறேன். நீ ஒரு நாளு நம்ம ஊட்டுக்கு வர்றதில்லையா சாமி?"

மரியாதைக்குக் கேட்பதுதான். ஒரு வீட்டுக்கு விருந்து போனால் அவர்களைத் திரும்பக் கூப்பிட வேண்டும், அதுதான் முறை. கூப்பிட்டால் பதில் சொல்வதும் முறை. அந்தப் பதில் என்ன என்று இந்த ஊரில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். பிரீத்தியின் முகம் மலர்ந்தது. உதடு பிரிந்தது. நான் பக்கத்திலிருந்த சில்வர் குடத்தைக் காலால் உதைத்தேன். அது உருண்டு போட்ட சத்தத்தில் அவள் வாயிலிருந்து வந்தது என்ன என்று எனக்கே கேட்கவில்லை. அக்காவுக்கும் கேட்டிருக்காது. "அப்பறமாச் சொல்லு. வாரேன் சாமி" என்று இறங்கிப் போய்விட்டார்.

"ஏன்டி உதைச்ச?" என்றாள் பிரீத்தி. அவளுக்குக் கோபமே வராது, அன்று வந்தது.

"நீ என்ன சொல்லப் பாத்த?"

"ஒரு வார்த்தைதானே தனா. ஆசையாக் கூப்புடறாங்க. வாரேன்னு சொன்னா என்ன?"

"எந்த வீட்டுக்கு? அந்த வீட்டைக் கதிர்வேல் பூட்டிட்டு வண்டிக்குப் போயாச்சு. கரண்டுகூட இல்லை. அவங்க இப்ப எந்த வீட்டில இருக்காங்க, சொல்லு."

அவள் டம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போனாள். நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். நாளைக்கு அக்கா மறுபடி கேட்பார். நாளைக்கு உருட்ட என்னிடம் வேறு குடம் இருக்கலாம், அதற்கு மறுநாள்? என்றைக்காவது ஒரு நாள் அந்தச் சொல் இவள் வாயிலிருந்து வரும். சொன்னால் வந்தாக வேண்டும்.

அம்பத்தூரில் இருக்கும் அவள் அம்மாவுக்கு போன் செய்ய எடுத்துவிட்டு வைத்துவிட்டேன். என்னவென்று சொல்வது? ராத்திரி முழுக்க யோசித்ததில் எனக்கு ஒன்றுதான் தெளிவாயிற்று. அக்கா ஒவ்வொரு நாளும் 'வாரேன்' என்று சொல்லிவிட்டுப் போகிறார், அதனால் வருகிறார். அவர் வாயால் 'போறேன்' என்று சொல்ல வேண்டும். இந்த ஊர் மனிதர்கள் அதை எப்போது சொல்வார்கள்? மனம் வெறுத்தால் சொல்வார்கள். ரோஷம் வந்தால் சொல்வார்கள். பூவாத்தாக்காவின் ரோஷம் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். என் வாய் எப்படிப்பட்டது என்றும் தெரியும். எங்கள் வீட்டில் என்னைக் கெங்கவல்லி மிளகாய் என்பார்கள்.

மறுநாள் குடோன் ஷட்டர் இறங்குவதற்கு முன்பே பிரீத்தியை அறைக்குள் தள்ளி வெளியே தாழ்ப்பாள் போட்டேன். டம்ளரை எடுத்துத் தரையில் கவிழ்த்து வைத்தேன். நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பினேன். உள்ளிருந்து பிரீத்தி கதவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

டிக். டிக். "சாமீ... ஊட்டுல இருக்கறீங்களா?"

"வாங்க்கா!" என்று பிரீத்தி உள்ளிருந்து கத்தினாள். ஊக்குச் சத்தம் வாசலைத் தாண்டியது. தைல வாசனை என் முகத்துக்கு நேரே வந்து நின்றது.

நான் வாங்க என்று சொல்லவில்லை. வந்தவரை வாங்க என்று சொல்லாமல் பார்த்துக்கொண்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது.

"ஏஞ் சாமி, அந்தப் புள்ள எங்கீங்க?" என்றார் அக்கா.

"உங்களை இங்க யாரும் கூப்பிடலை" என்றேன்.

"கூப்புட்டாளே. அவசியம் வாங்கன்னு கூப்புட்டாளே சாமி."

"அது எழவு வீட்டுல சொன்னது. அவ பட்டணத்துப் பொண்ணு, அவளுக்கு ஒண்ணும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். எழவு வீட்டுல சொல்ற 'வாங்க' அழைப்பு இல்லைன்னு உங்களுக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சும் வந்தீங்க. கூப்பிடாத வீட்டுக்குப் போகமாட்டேன்னு பெருமையாச் சொன்னீங்களே, அந்த ரோஷம் எங்க போச்சு? தண்ணி குடுத்தா குடிக்கிறதா? பெத்த புள்ளையே உங்களை வந்து பாக்கலை, அடுத்த வீட்டுப் புள்ளையக் கூட்டிட்டுப் போகலாம்னு பாக்கறீங்களா? வெட்கமா இல்ல?"

நான் எல்லாவற்றையும் மூச்சு விடாமல் சொன்னேன். சொல்லச் சொல்ல என் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. உயிரோடு இருந்தபோது எங்களுக்காக முறுக்குச் சுட்டு டப்பாவில் ஒளித்து வைத்திருந்தவர் அவர். உலகத்தில் அவரை வா என்று கூப்பிட்டது ஒரே ஒருத்தி. அதுவும் தெரியாமல் சொன்ன சொல். அது செல்லாது என்று தெரிந்தே அதை எடுத்து வைத்துக்கொண்டார். அதையும் நான் பிடுங்கிக்கொண்டிருந்தேன்.

உள்ளே பிரீத்தி தட்டுவதை நிறுத்திவிட்டாள்.

"ஆமாங்க" என்றார் அக்கா. பேச்சில் 'சாமி' இல்லை. "தெரியுமுங்க. தெரிஞ்சுதான் வந்தனுங்க."

வாசனை மெல்லப் பின்வாங்கியது. கவிழ்ந்து கிடந்த டம்ளர் பக்கம் ஊக்கு ஒரு தடவை தட்டியது.

"செரீங்க. போறனுங்க."

படியில் இறங்கும்போது முட்டி வலிக்கு வழக்கமாக நின்று நின்று இறங்குவார். அன்று நிற்கவில்லை. ஊக்குச் சத்தம் வேகமாகத் தெருவரைக்கும் போய், அப்புறம் கேட்கவில்லை.

தாழ்ப்பாளைத் திறந்தேன். பிரீத்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். கையைத் தொட்டுப் பார்த்தேன், வியர்த்து வெதுவெதுப்பாக இருந்தது. சந்தோஷத்தில் அவளைக் கட்டிக்கொள்ளப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டாள்.

அதன்பின் பூவாத்தாக்கா வரவில்லை. பிரீத்தி நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தாள், தேறினாள், பழைய வீடுகளுக்கெல்லாம் போனாள். என்னோடு மட்டும் பேசவில்லை. வைகாசி முடிவதற்குள் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் புறப்பட்டாள். வேண்டாம் என்றாலும் கேட்காமல் அவள் பையைத் தூக்கிக்கொண்டு நான் பஸ் ஸ்டாண்டுவரை போனேன். சேலம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்தாள். பஸ் நகரும்போதுதான் என்னைப் பார்த்தாள்.

"போறேன், தனா" என்றாள்.

படியில் நின்ற கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "போறேன்னு சொல்லாத சாமி, வாரேன்னு சொல்லோணும்" என்றார். அவள் சொல்லவில்லை. கண்ணாடியை இழுத்து மூடிக்கொண்டாள்.

என்மேல் இருந்த வெறுப்பில் சொன்னாளா, அந்தச் சொல்லுக்கே இனி பயந்து சொன்னாளா, எனக்குத் தெரியாது. அழுதுகொண்டே வீட்டுக்கு நடந்தேன். நடுநடுவே நிம்மதியாகவும் இருந்தது. போறேன் என்று சொல்லிவிட்டுப் போனவளை யாரும் எந்த வீட்டுக்கும் கூப்பிட முடியாது, நானும்கூட.

மாடிக்கு வந்தபோது கீழே ஷட்டர் இறங்கிக்கொண்டிருந்தது. வீட்டில் நான் மட்டும்தான். நாற்காலி இன்னும் சுவரைப் பார்த்தபடியே இருந்தது. டம்ளரை அன்றிலிருந்து இரண்டு பேருமே தொடவில்லை, கவிழ்ந்தபடியே கிடந்தது. நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். டம்ளரைக் கழுவி நிமிர்த்தித் தண்ணீர் ஊற்றி அதன் முன்னால் வைத்தேன். ஏன் வைத்தேன் என்று என்னைக் கேட்காதீர்கள். படிவிளக்கைப் போட்டுவிட்டு, வாசலில் நின்று இருட்டுகிற தெருவைப் பார்த்தேன்.

வாங்க்கா என்று நான் சொல்லவில்லை. சொல்லாமல் இருக்க இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.